ஒரு பிடி கொழுந்து

பொகவந்தலாவைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கரண்டு வந்த வருஷம், நாகலெட்சுமிக்கு ஓர் ஆசை வந்தது. லயத்துக்கென்று ஒரு மாவு மெசின் வேண்டும். மாவரைக்கக் கடைவீதிக்கு இறங்கிப் போய், வரிசையில் நின்றே பொழுது போய்விடுகிறது. கடைக்காரர் முத்துலிங்கம் பழைய மெசின் ஒன்றைத் தீபாவளி வரைக்கும் விற்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார். லயத்து வீடுகள் சேர்ந்தால் வாங்கிவிடலாம்.

ஆனால் கேட்பதற்கு அவளுக்கு வாய் வரவில்லை. முதல் வீட்டு வாசலுக்குப் போனவள், கொஞ்சம் உப்பு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். மறுநாள் மலையில் ஒருவழியாகச் சொன்னபோது, பக்கத்து நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இராசமணி சிரித்தாள்.

"டீவி வாங்கித் தாறேன்னு காசு சேர்த்த வீரய்யா, இன்னும் கொழும்புல டீவி தேடிக்கிட்டுத்தான் இருக்காரு. இப்ப நீயா?"

மலையே சிரித்தது. நாகலெட்சுமி குனிந்துகொண்டு பறித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கைக்காசு வேலை. பறித்த கிலோவுக்கு அன்றைக்கே கையில் காசு. தராசடியில் நின்றபோது அவள் கூடையில் ஒரு பிடி கொழுந்து வந்து விழுந்தது. திரும்பினால் இராசமணி.

"என்னக்கா இது?"

"காசுதானே தரமாட்டேன்? மெசினுக்குக் கொழுந்து தாறேன். நான் புள்ளத்தாச்சியா இருந்தப்ப, எடை கொறைஞ்சு அரைப்பேருன்னு பாதிச் சம்பளம் விழாம என் கூடையில அள்ளிப் போட்டது யாரு? பேசாம நில்லு."

பின்னால் நின்றவர்களும் ஆளுக்கொரு பிடி போட்டார்கள். கணக்கப்பிள்ளை நிறையைக் கூவினார். எல்லார் காதிலும் விழுந்தது. வீரய்யாவின் மடியில் சேர்ந்ததை யாரும் பார்த்ததில்லை. இவள் கூடை எல்லார் கண்ணெதிரிலும் நிறைந்தது. ஞாயிறுதோறும் அப்படியே நடந்தது. கிடைத்த காசை இராசமணியும் அவளும் சேர்ந்தே போய் முத்துலிங்கத்திடம் கொடுத்தார்கள். அதே லயத்துச் செல்லசாமியின் மனைவி மட்டும் ஒருநாளும் போடவில்லை. அவளை யாரும் கேட்கவுமில்லை.

தீபாவளிக்கு முன்பே மெசின் வந்தது. ஊறவைத்த அரிசியோடு பெண்கள் காத்திருக்க, நாகலெட்சுமி தன் அரிசியை முதலில் கொட்டினாள்.

"பாத்தியா, மொதலாளியம்மாவுக்குத்தான் மொத மாவு!" என்றாள் ஒருத்தி.

"மொத மாவு மெசினுக்குள்ளேயே ஒட்டிக்கிரும். அது என்னோடதாப் போகட்டும்," என்றாள் நாகலெட்சுமி மெதுவாக.

அவள் சட்டியில் விழுந்தது கொஞ்சம்தான். அடுத்து அரைத்தது செல்லசாமியின் மனைவி. தன் மாவிலிருந்து ஒரு பிடி அள்ளி நாகலெட்சுமியின் சட்டியில் போட்டாள்.