சஃபரிங்குக்குத் தமிழில் என்ன?

மொழிபெயர்ப்புத் தொழிலில் தெரியாத சொல் ஆளைக் கவிழ்ப்பதில்லை. தெரியும் என்று நினைக்கிற சொல்தான் கவிழ்க்கும். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறேன். அகராதியோடு மாரடிக்கிற எவருக்கும் என் பாடு விளங்கும்.

சீனி

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வைத்தியரின் கடிதத்தோடு வந்தார். 'சஃபரிங் ஃப்ரம் டயபிட்டிஸ்' என்றிருந்தது. 'நீரிழிவினால் துன்புறுகிறார்' என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்தவரின் முகம் சுருங்கியது. எங்கள் பேச்சில் நோய்க்கு 'வருத்தம்' என்றுதான் பெயர்.

"எனக்குச் சீனி வருத்தம் இருக்கு தம்பி, துன்பம் ஒண்டும் இல்லை. அதை வெட்டிவிடுங்கோ."

கேட்காத கேள்வி

தையல்காரர் பாரூக் நானாவின் வலது கையை ஒரு வான் நசுக்கிவிட்டது. புதுக்கடை நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு. நான்தான் உரைபெயர்ப்பாளன். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, "ஆர் யூ ஸ்டில் சஃபரிங்?" என்று கேட்டார். "இன்னும் வலிக்குதா?" என்று நான் தமிழில் கேட்டேன். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இல்ல" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே எதிர்த்தரப்பு வாதாடியது. கேட்டதில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

வெளியே படியில் நின்று, மடங்காத விரல்களைக் காட்டினார்.

"வலி இல்லதான் சேர். கத்திரிக்கோல் புடிக்க ஏலா. அத யாருமே கேக்கல்லயே."

மூன்று நாள்

இதைச் சொல்ல இன்னும் கூசுகிறது. பக்கத்துத் தெரு யோகா அக்காவின் கணவர் வெளிநாட்டில் வேலைத்தளத்தில் விழுந்து இறந்துபோனார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தை அக்கா என்னிடம் கொண்டுவந்தா. மூன்று நாள் மிகவும் 'சஃபர்' பண்ணி இறந்தார் என்றிருந்தது.

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா.

"அவர் கஷ்டப்படேல்லை அக்கா. நித்திரையிலேயே போயிட்டார்" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனா. நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன்.

அடுத்த வருசம் அவவின் மகள் அந்தக் கடிதத்தை எடுத்து வாசித்துவிட்டாள். அக்கா படியேறி வந்தா. இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவ சத்தம் போடவுமில்லை.

"அந்த மூண்டு நாளும், அவர் விழுந்தது தெரியாம, நான் கலியாண வீட்டில சிரிச்சுக்கொண்டு நிண்டனான். அவர் பட்ட பாட்டை நினைச்சு அழக்கூட நீர் என்னை விடேல்லை."

'சஃபரிங்'குக்கு எனக்குத் தெரிந்த நல்ல தமிழ், 'வருத்தம்', 'ஏலா', 'பட்ட பாடு' எல்லாம், என் வேலை முடிந்த பிறகு, வந்தவர்கள் வாயிலிருந்து கற்றுக்கொண்டவைதான்.