ஸெலிக் போட்ட சாட்சிக் கையெழுத்து

ஏழாம் மாதத்தில் பிறந்தும் பிழைத்தான். பதினொரு வயதில் பள்ளி கைவிட்டது. பதின்மூன்றாம் வயதில் யூத வேதமான தோராவின் முன் நின்று ஆசிமொழிகளைப் பிசகாமல் சொன்னான். நாற்பதுக்குள் ஆன்ட்வெர்ப்பில் வீடு மாற்றிக் கொடுக்கும் தொழிலில் சொந்தமாக ஒரு வண்டி, கூட இரண்டு ஆட்கள். இத்தனையும் ஒரு வரிகூடப் படிக்காமல். என் தம்பி ஸெலிக்.

"பக்கத்தப் பார்த்தா எழுத்தெல்லாம் எடம் மாறி எடம் மாறி உக்காருதுண்ணே" என்பான். ஜெபக்கூடத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகவே சொல்வான். பக்கத்து ஆள் தாளைப் புரட்டும்போது தானும் புரட்டுவான். சில நாள் இரண்டு தாள் சேர்ந்து புரண்டுவிடும்.

எங்களுக்குக் கட்டளைகள் அறுநூற்றுப் பதின்மூன்று. "படிக்கிறவங்க படிக்கட்டும், தூக்குறது என் பங்கு" என்பது அவன் கணக்கு. ஓய்வுநாளில் நாங்கள் லிஃப்டில் ஏறுவதில்லை. ஐந்தாம் மாடியில் இருந்த, கால் விளங்காத யோனாவை எட்டு ஆண்டுகள் சனிக்கிழமை தவறாமல் முதுகில் சுமந்து இறக்கி, ஜெபம் முடிந்ததும் ஏற்றினான். தொண்ணூற்றிரண்டு படிகள், எண்ணியிருக்கிறேன்.

"ராத்திரி மீன் பூராவும் நீங்களே தின்னீங்களா, மாமா? கனக்குறீங்க."

"உனக்கு மூச்சு வாங்கினா எம் மீனைக் குத்தஞ் சொல்லாதடா, கழுதை."

யோனா இறந்த மறு ஆண்டு அவர் மகன் ஆன்ஷெலுக்குக் கல்யாணம். திருமணப் பத்திரத்தில் ஸெலிக்தான் சாட்சி என்று ஆன்ஷெல் வந்து நின்றான். ஸெலிக் மறுத்தான். பெண்ணின் உரிமையெல்லாம் அந்தப் பத்திரத்தில் இருக்கிறது. சாட்சி பிசகினால் அது செல்லாது. எங்கள் மதகுரு ரப்பி லிப்மானிடம் போனோம். பத்திரத்தை இரண்டு பேர் படித்துச் சொன்னால் போதும் என்றார். அவன் பெயரைப் புள்ளி வைத்துக் கொடுத்தால் அதன்மேல் எழுதிவிடுவானே என்று நான் கேட்டேன்.

"கூடாது. அவன் கையாலயே எழுதணும்."

பத்தொன்பது நாள் பழகினான். அந்த மாதம் ஆன்ட்வெர்ப்பில் இடம் மாறிய பீங்கான் பெட்டிகளில் எல்லாம் அவன் பெயர் இருந்தது.

கல்யாண நாள். பத்திரத்தில் அன்றைய தேதி எழுதியாகிவிட்டது. சூரியன் மறைந்தால் எங்களுக்கு அடுத்த நாள். அதற்குள் இரண்டு கையெழுத்தும் விழ வேண்டும். இருவர் படித்துக் காட்டினார்கள். முதல் சாட்சி ஒரு நொடியில் போட்டுவிட்டார். ஸெலிக் பேனாவைப் பிடித்தான். ஓர் எழுத்து. இன்னொன்று. எதிர்ச் சுவரில் வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. பெண்ணின் சித்தப்பா, நாளைய தேதியே போட்டிருக்கலாம் என்று முணுமுணுத்தார். சிலர் சிரித்தார்கள். ஸெலிக்கின் கை நின்றுவிட்டது.

ஆன்ஷெல் குனிந்தான். "நீங்க எழுதுங்கண்ணே. இருட்டிட்டா கல்யாணத்த நாளைக்கு வெச்சுக்கறேன்."

ஸெலிக் மறுபடி தொடங்கினான். தன் பெயர், எங்கள் அப்பா பெயர், சாட்சி என்ற சொல். எழுதி முடித்து மை காய ஊதினான். பேனாவை என்னிடம் நீட்டிவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். எதிர்வீட்டு ஓட்டில் ஒரு விரல் அகலத்துக்கு வெயில் மிச்சமிருந்தது.

பத்திரத்தில் இருந்த தேதி, எங்கள் நாட்காட்டிப்படி: ஐயாயிரத்து எழுநூற்று எழுபத்தொன்பது, எலுல் மாதம் பதினொன்றாம் நாள், புதன்கிழமை.