பெயர் நீக்கிய தேதி

அகரத்துக்குப் பக்கத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பகல் மையம் ஒன்றை நடத்திவருகிறேன். பிள்ளைக்கு இவ்வளவு என்று அரசு மானியம் தரும். பத்தில் ஒரு பங்கை எங்கள் சங்கம் போட வேண்டும். வராத பிள்ளைக்கு வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு. படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, கழுத்து நிற்காத பிள்ளை. பிழைப்புக்காகக் குடும்பம் திருப்பூர் போனது. "அடுத்த மாசம் வந்துருவோம் டீச்சர், பேரை எடுத்துறாதீங்க" என்று அவள் அம்மா மாதாமாதம் போனில் சொல்வார். நானும் எடுக்கவில்லை. வருகைப் பதிவில் விடுப்பு என்றே எழுதிவந்தேன்.

சித்திரையில் தணிக்கைக்கு வந்தவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். "நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னு சொல்லலை மேடம். பிள்ளை இல்ல, பணம் வந்திருக்கு. திருப்பிக் கட்டணும். எந்தத் தேதியில போனாங்கன்னு அந்த அம்மாகிட்ட கேட்டு எழுதிருங்க."

அந்தப் பணம் எங்களிடம் இல்லை. பயிற்சியாளர் சம்பளத்துக்கும் வேன் டீசலுக்கும் போய்விட்டது. ஒரு பிள்ளை குறைந்ததால் இரண்டில் எதுவும் குறையவில்லை.

திருப்பூருக்குப் போன் போட்டேன். பின்னால் தையல் மிஷின் சத்தம்.

"இடம் இருக்குல்ல டீச்சர்? வைகாசியில வந்துருவோம்."

எந்தத் தேதியில் கிளம்பினீர்கள் என்று கேட்டேன்.

"அப்ப பேரை எடுக்கப் போறீங்களா?"

"எடுத்துத்தான் ஆகணும்மா."

"இங்க அவள உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் வேலைக்கு வாரேன் டீச்சர்." அப்புறம் அவரே சொன்னார்: "ஆடிப்பதினெட்டுக்கு மறுநாளு. அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல்."

எங்கள் சங்கச் செயலாளர் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மொத்த வியாபாரி. "ஏனுங்க டீச்சர், நம்ம பங்கும் போட்டு, இதையும் நாமதான் கட்டோணுங்களா?" என்றவர், பாதியைக் கொடுத்தார். மீதிக்கு என் சேமிப்பை எடுத்தேன்.

கட்டுவதற்கு மூன்று முறை திண்டுக்கல் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. முதல் முறை செலானில் கணக்குத் தலைப்பு தவறு. அடுத்த முறை கையெழுத்துப் போட வேண்டியவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். "செத்த உக்காருங்க மேடம். பணம் கேட்டு வர்றவங்களுக்குத்தான் இங்க வழி இருக்கு, திருப்பிக் கட்ட வர்றவங்களுக்கு இல்ல" என்றார் எழுத்தர், சிரிக்காமல். உட்கார்ந்தே தூங்கிப்போனேன். மூன்றாம் முறை ரசீது கிடைத்தது. வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. கால் வலித்தது.

வைகாசி கடைசியில் அம்மாவும் மகளும் வந்து நின்றார்கள். மறுபடி சேர்க்கப் புதிதாக விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும்; அதற்குப் பல மாதம் ஆகும். "நாளையிலிருந்து வேன்ல ஏத்தி விடுங்க. பேரை அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

மறுநாள் மத்தியானம் நானே அவளுக்கு ஊட்டினேன். முன்பு இங்கே ஒரு வருஷம் பழக்கியதில், சோற்றை மென்று விழுங்கக் கற்றிருந்தாள். இப்போது பாதி வெளியே வழிந்தது. துடைத்துவிட்டு, குழையப் பிசைந்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.