வெள்ளி முளைக்காத மாசி

மன்னார்குடிக்கு வடக்கே எங்கள் ஊர். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், பௌதிகம் படித்தவன். வானத்தைப் பற்றிப் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறேன். ஆனால் அந்த வானத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பண்ணையை மறித்து நின்றவள் நாகம்மாள். கைநாட்டு. அவளைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள். புருஷன் வைரக்கண்ணு அதே பண்ணையில் ஏர் ஓட்டுகிறவர். நாகம்மாளுக்குக் குட்டை உருவம், பெரிய குரல். இந்த வயலில் அவள் பேசினால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

எழுபத்தொன்றாம் வருஷத்து ஐப்பசிக் காற்றில் அவள் வீட்டுக் கூரை ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு போனது. பண்ணைத் தோப்பில் கீற்று கேட்டாள். பண்ணை வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் சாரங்கபாணி, "அறுப்பு முடியட்டும், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். மழைக்காலம் முழுக்கச் சாக்கைப் போட்டு ஒப்பேற்றினாள். மழை நின்றதும் சாக்கு மட்கி விழுந்தது. "கீத்து கேட்டேன், வானத்தைக் குடுத்தாங்க" என்பாள்.

பனியில் தூக்கம் வராமல் அந்த ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். சோறு ஆக்கும் நேரத்தில் ஆறாமீன் கூட்டமாக உச்சிக்கு வந்து நிற்கும். அதன் பின்னாலேயே நுகத்தடி போல வரிசையாக மூன்று மீன். அதற்கும் பின்னால், தெற்கே தள்ளி, கண் கூசவைக்கும் ஒற்றை மீன். நடுச்சாமத்துக்கு மேல் இவை எல்லாம் மேற்கே இறங்க, தென்கிழக்கில் தேள் கொடுக்கை இழுத்துக்கொண்டு ஏறிவரும். பஞ்சாங்கத்தில் இவற்றுக்கு ஒரு பெயர், என் பாடப்புத்தகத்தில் வேறு பெயர். அவளுக்கு அவை நேரம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக எரிந்தது வெள்ளி. அந்தத் தை முழுக்க அது பொழுது சாய்ந்ததும் மேற்கேதான் தெரிந்தது. அப்படி மேற்கே நிற்கிற மாதங்களில் அது விடியலில் கிழக்கே முளைக்காது.

கூலிச் சட்டம் வந்ததிலிருந்து பண்ணைக்கு ஓர் எரிச்சல். கூலியில் கை வைக்க முடியாது. ஆனால் பொழுதில் கை வைக்கலாமே? கிழக்கே விடிவெள்ளி முளைத்தால் அறுப்புக்குக் கிளம்ப வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளி மேற்கே போய்விட்ட வருஷங்களில் ஆளுக்கு ஆள் முகம் தெரிந்த பிறகு வயலில் இறங்கினால் போதும். மாசி பிறந்து தாளடி அறுப்பு தொடங்கியபோது, காரியக்காரர் மூன்றரை மணிக்கே தெருமுனையில் வந்து நின்றார்.

"வெள்ளி மொளச்சாச்சு! எந்திரிங்கடி!"

கிழக்கே ஒரு பெரிய மீன் இருந்தது, உண்மைதான். அது வியாழன். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் செட்டியாரைக் கெடுத்த வெள்ளி. விடிந்துவிட்டது என்று அதை நம்பி மூட்டை தூக்கிய வியாபாரி வழியில் திருடர்களிடம் மாட்டினாராம். தூக்கக் கலக்கத்தில் எங்கள் சனம் கூப்பாட்டைக் கேட்டதே தவிர, அண்ணாந்து பார்க்கவில்லை. இரண்டு நாள் இருட்டில் தடவித் தடவி அறுத்தார்கள். மூன்றாம் நாள், கூட அறுத்த ஆனந்தவல்லியின் சுண்டுவிரலை அரிவாள் பிளந்தது.

அன்று சாயங்காலம் களத்தில் பண்ணைக்குச் சொந்தக்காரரான மிராசுதார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நெல்கட்டைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுவிட்டு, நாகம்மாள் காரியக்காரரிடம் மேற்கே கையைக் காட்டினாள்.

"அந்தா பெருசா எரியுதே, அது என்னங்க?"

"வெள்ளி. இதுகூடத் தெரியாதா ஒனக்கு?"

"தெரியாமத்தாங்க கேக்குறேன். வெள்ளி ஒண்ணுதானுங்களே?"

"பின்ன, ஊருக்கு ஒண்ணா வச்சிருக்கு?"

"அப்ப வெடியக்காலம் கெழக்க மொளச்சது யாருங்க? ராத்திரியோட ராத்திரியா பஸ் புடிச்சுப் போயிடுச்சா?"

களமே சிரித்தது. மிராசுதார் சிரிக்கவில்லை.

"நாளைக்குக் கூப்பாட்டுக்கு வராதவளுக்கு இந்த அறுப்புல வேலை கெடையாது" என்றார். "வெளியூர் ஆளு லாரியில வந்து எறங்கும்."

வீட்டில் வைரக்கண்ணு தலையில் கை வைத்துக்கொண்டார். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? வேலை போயிடும்டி."

"விரலு போறதுக்கு வேலை போறது தேவல."

அவள் உட்காரவில்லை. வீடு வீடாகப் போய்ப் பெண்களை வெளியே இழுத்து வந்தாள். "வெள்ளி மேற்க மறையறத ஒங்க கண்ணால பாத்துக்குங்க. நாளைக்கு எவனாவது கெழக்க காட்டினா ஏமாறக் கூடாது." வெள்ளி தென்னைகளுக்குப் பின்னால் இறங்கும்வரை தெருவே நின்று பார்த்தது. பிறகு மறுநாள் என்ன செய்வது என்று அவள் சொன்னாள்.

மூன்றரைக்குக் கூப்பாடு வந்தது. ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாரும் போனார்கள். வரப்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள், அரிவாள் மடியில்.

"என்னடி உக்காந்துட்டீங்க? எறங்குங்க!" என்றார் காரியக்காரர்.

"கூப்பாட்டுக்கு வந்துட்டோம்ங்க. மொகம் தெரிஞ்சா எறங்குறோம்" என்றாள் நாகம்மாள்.

அவர் லாந்தரைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "தெரியுது. நாகம்மாதானே நீ? எறங்கு!"

நாகம்மாள் எழுந்தாள். லாந்தர்க் கண்ணாடியின் மேல்வாயில் ஊதினாள். பொட்டென்று இருட்டு.

"இப்பச் சொல்லுங்க, நான் யாரு?"

காரியக்காரர் தீப்பெட்டியைத் தேடினார். கொண்டு வரவில்லை.

"நாகம்மாதானடி ஊதினது? சொல்லுங்கடி!"

"அக்கம்பக்கத்துல யாரு இருக்கான்னே தெரியலைங்க" என்றது ஆனந்தவல்லியின் குரல். "மொகம் தெரிஞ்சதும் சொல்லிடுறேன்."

இருட்டுக்குள் சிரிப்பு ஓடியது. காரியக்காரர் லாரி வரும், போலீசு வரும் என்று கத்திப் பார்த்தார். லாரி வரவில்லை. கதிர் முற்றித் தொட்டால் உதிர்கிற நிலைமை. இந்த ஆட்களை விட்டால் வேறு ஆள் திரட்ட இரண்டு நாளாகும். அது மிராசுதாருக்கும் தெரியும், வரப்பில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரியும். பனி சேலையை நனைத்தது. ஒருத்தியும் எழவில்லை.

கிழக்கு வெளுத்தது. காரியக்காரர் காட்டிய வெள்ளி அந்த வெளிச்சத்தில் மங்கிக்கொண்டே வந்தது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துப் பெயர் சொன்னார்கள். ஆனந்தவல்லி. ரெத்தினம். நாகம்மா. கடைசிப் பெயர் வரைக்கும் சொல்லி முடித்தார்கள்.

நாகம்மாள் திரும்பிக் காரியக்காரரைப் பார்த்தாள்.

"இப்பத்தாங்க உங்க மொகம் நல்லாத் தெரியுது" என்று சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாக வயலில் இறங்கினாள்.