பட்டனை விட்டால்தான் பதில் வரும்: தூத்துக்குடிக் கடலில் ஒரு காலை

சங்கரன்கோவிலில் மைக் செட் கடை வைத்திருக்கிறேன். ஆடித் தபசு முடிந்ததும் ஒரு வாரம் ஸ்பீக்கருக்கும் எனக்கும் ஓய்வு. அந்த வாரத்தில்தான் பாலிடெக்னிக் நண்பன் பெலிக்ஸ், தன் படகின் புது இன்ஜினை ஓட்டிப் பார்க்கத் தூத்துக்குடிக்கு வரச் சொன்னான். எனக்கு இன்ஜினில் ஆசையில்லை. அதில் இருக்கும் ரேடியோவைப் பார்க்க வேண்டும். ஒயர் இல்லாமல், குழாய் ஸ்பீக்கர் இல்லாமல் நடுக்கடலில் யாருக்குக் கேட்கும்?

காலை 4.40 பஸ். கோவில்பட்டியில் மாறி 7.30க்குத் தூத்துக்குடி. இரண்டு டிக்கெட்டும் சேர்ந்து 78 ரூபாய். நான்கு இட்லியோடு நிறுத்திக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், புரோட்டா கடலில் தங்காது.

படகில் ஏறியதும் கை சும்மா இருக்குமா? மைக்கை இரண்டு தட்டு தட்டி, "ஹலோ, மைக் டெஸ்டிங்..." என்றேன். பெலிக்ஸ் பாய்ந்து பிடுங்கினான்.

"ஏலே, இது என்ன கோயில் கொடையா? பதினாறாம் சேனலு ஆபத்துக்குக் கூப்பிடுததுக்கு. எல்லா போட்டும் இதுலதான் காத வச்சிருக்கும்."

கூப்பிடுவது பதினாறில், ஆள் கிடைத்ததும் பேச்சை வேறு சேனலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டுமாம். பக்கவாட்டுப் பட்டனை அமுக்கினால் பேசலாம். மீதியை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முப்பது வருட மைக் செட்காரனுக்குத் தெரியாததா!

ஒன்பது கிலோமீட்டர் போயிருப்போம். இன்ஜின் குழாய் பிய்த்துக்கொண்டு, கொதிநீர் பெலிக்ஸின் இரண்டு கையிலும் கொட்டியது. இன்ஜின் நின்றது. காற்று எங்களைப் பக்கத்துத் தீவின் ஓரப் பாறைகளை நோக்கித் தள்ளியது. அவனால் மைக்கைப் பிடிக்க முடியவில்லை.

பட்டனை அமுக்கிப் படகின் பெயரைச் சொன்னேன். இன்ஜின் நின்றுவிட்டது, ஆளுக்குக் காயம் என்றேன். பதில் இல்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். இல்லை. பாறைமேல் நுரை தெரிந்தது. எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. ஊரையே எழுப்புகிற தொண்டை என்னுடையது, ஒரு ஆளுக்குக்கூடக் கேட்கவில்லையா?

"கைய எடுலே! நீ அமுக்கிக்கிட்டே இருந்தா அவன் எப்படிலே பேசுவான்?" என்று பெலிக்ஸ் கத்தினான்.

விரலை எடுத்தேன். உடனே வேறொரு படகிலிருந்து ஒரு குரல் வந்தது: "அண்ணாச்சி, நீங்க மொத தடவ சொன்னதே கேட்டுட்டு. எங்கன நிக்கீய? எத்தன பேரு?"

பெலிக்ஸ் ஜிபிஎஸ் திரையைப் பார்த்துச் சொன்ன எண்களை அப்படியே சொன்னேன். இரண்டு பேர் என்றேன். பேசி முடித்ததற்கு அடையாளமாக 'ஓவர்' சொல்லி, விரலை எடுத்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் அந்தப் படகு வந்து கயிறு வீசி, எங்களைக் கரைக்கு இழுத்து வந்தது. காசு வாங்க மாட்டேன் என்றார்கள். கரையில் அரைக் கிலோ மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன். பெலிக்ஸின் கை இப்போது ஆறி வருகிறது.

படகில் போகிறவர்கள் கிளம்புமுன் ரேடியோவை யாரிடமாவது முழுதாகக் கேட்டுக்கொள்ளுங்கள், வெட்கப்படாதீர்கள். மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள். கத்த வேண்டாம். படகின் பெயர், இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர், இவ்வளவு போதும். சொல்லி முடித்ததும் விரலை எடுங்கள். உங்களைக் காப்பாற்ற வருகிறவன், நீங்கள் வாயை மூடுவதற்காகத்தான் அங்கே காத்துக்கொண்டிருப்பான்.