எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்த பத்துமலை

மலேசியாவில், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் மாலை நாலு மணிக்கு மேல் பத்துமலையின் வீடு எது என்று யாரும் விசாரித்ததில்லை. மசால் வடை வாசனையே கைபிடித்துக் கூட்டிப்போய்விடும். வேலை பார்த்த ரப்பர் தோட்டம் வீடு கட்ட விற்கப்பட்டபோது வெறுங்கையோடு ஈப்போவுக்கு வந்தவர் அவர். வாசலில் சட்டி வைத்து, கணவனை இழந்த தங்கை குமுதாவையும் அவள் மகள் சாந்தினியையும் அதைக் கொண்டே நிமிர்த்தினார்.

சாந்தினிக்குப் பதினேழு வயதில் இரத்தப் புற்றுநோய் வந்தது. அரசு மருத்துவமனையில் கட்டணம் பெரிதில்லை. ஆனால் மகளைப் பார்த்துக்கொள்ள குமுதா கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டாள். வாடகைக் கார், சத்துமாவு, வெளியில் வாங்கும் மாத்திரை எல்லாம் வடைச் சட்டியின் தலையில் விழுந்தன. பத்துமலை காலையிலும் சுட ஆரம்பித்தார்.

அங்கேதான் சிக்கல். மருந்து ஏறிய உடம்புக்கு எண்ணெய் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. சட்டி காய்ந்தாலே சாந்தினிக்குக் குமட்டியது. தின்ற எதுவும் தங்கவில்லை. எடை இன்னும் இறங்கினால் அடுத்த சுற்று மருந்தைத் தள்ளிப்போட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ மாமாவிடம் ஒரு வார்த்தை முறையிடவில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். தண்ணீர் கொடுக்கப் போன பத்துமலை ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டார்.

மறுநாள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். இடியாப்ப அச்சு வாங்கி வந்தார். ஆவியில் வேகும் மாவுக்கு என்ன வாசனை? ஆனால் வடை தட்டிய கைக்கு அது லேசில் படியவில்லை. எதிர்ப் பட்டறை மெக்கானிக் சீனி சும்மா விடுவானா?

“என்னண்ணே, மானிய வெல பாக்கெட் எண்ணெ கெடைக்கலையா? இது இடியாப்பமா, மோட்டார் தொடைக்கிற பஞ்சா?”

“தின்னுட்டுப் பேசுலா.”

காரணத்தைச் சொன்னால் சீனி வாயை மூடிவிடுவான். ஆனால் வாசல் பேச்சு உள்ளே படுத்திருப்பவளுக்குக் கேட்கும். தன்னால்தான் மாமாவின் பிழைப்பு மாறியது என்று அவள் நினைத்துவிடக் கூடாது. ஆகவே கிண்டலை வாங்கிக்கொண்டார். குறைந்த வருமானத்துக்குக் காலையில் பசாரில் காய்கறி மூட்டை இறக்கினார். தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்த இடியாப்பத்தைச் சாந்தினி முதலில் இரண்டு வாய், பிறகு ஒரு தட்டு என்று சாப்பிட்டாள். எடை இறங்குவது நின்றது. மருந்து தடைபடவில்லை.

கடைசிச் சுற்று முடிந்து சில மாதங்கள் போயிருக்கும். ஒரு மதியம் பக்கத்துத் தெரு ராஜு கடையில் வடை வெந்தது. பத்துமலை பாய்ந்துபோய்ச் சன்னலைச் சாத்தினார்.

“தொறந்து விடுங்க மாமா, நல்லா மணக்குதுலா. ரெண்டு வாங்கிட்டு வாங்களேன்.”

கண் கலங்கும் முன்பே அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“ராஜு வடையா? எங்கூட்டுப் புள்ளைக்கா?”

கவிழ்ந்து கிடந்த சட்டியை நிமிர்த்தினார். கடலைப்பருப்பை அள்ளி ஊறப் போட்டார்.

“சீனியண்ணனுக்கும் சேத்துப் போடுங்க மாமா,” என்றாள் சாந்தினி. “பாவம், எத்தன நாளைக்குத்தான் பஞ்சையே தின்பாரு?”

அப்படியானால் கிண்டல் மட்டுமல்ல, சட்டி கவிழ்ந்த காரணமும் இத்தனை மாதமாக அவளுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. பத்துமலை திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு கை பருப்பை அள்ளிப் போட்டார்.