காப்பு உரசிய கிற்றார்

ஆண்கள் வாசிக்கும் கிற்றாரின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் பெல்ட்டின் கொக்கி கீறிய இடம் இருக்கும். என்னுடையதைத் திருப்பினால் தாலிக்கொடி உரசிய தடமும், கொசுவத்தைப் பிடிக்கும் ஊசி இழுத்த கோடுகளும் இருந்தன. முன்பக்கத்தில் வலக்கை படியும் விளிம்பில் என் நான்கு காப்புகளும் சேர்ந்து சிவப்புப் பூச்சைத் தின்று, வெறும் மரத்தை வெளியே காட்டியிருந்தன. காப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாசித்தால் என்ன என்று கேட்காதவர்கள் இல்லை. கழற்றினால் அது என் கை மாதிரியே இருக்காது. அதனால் கழற்றவில்லை.

பகலில் ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளோடு இருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் கலியாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் இசைக்குழுவோடு கிற்றார் வாசிக்கிறேன். பதினொரு வருடமாக அந்தக் குழுவில் நான் ஒருத்திதான் பெண். கிற்றார், ஊரை விட்டுப் போன ஒருவரிடம் வாங்கியது. அப்போது அதன் பூச்சு மெல்லிய லக்கர். மற்றவர்களின் கிற்றார்களில் இருப்பது கட்டிப் பூச்சு. இடித்தால் சில்லாகப் பெயரும், லேசில் தேயாது. லக்கர் அப்படியல்ல. வியர்வையையும் கை உரசலையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு மெலிந்துபோகும். எங்கள் ஊர் வெக்கையில் வியர்க்காமல் யார் வாசிக்கிறார்கள்? கழுத்தின் பின்புறம், பெருவிரல் ஓடுகிற இடம், மரம் வரைக்கும் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. அங்கே என் கை கண்ணை மூடிக்கொண்டு போகும்.

போன வருடம் ஓர் ஒத்திகை முடிந்ததும் குழுத் தலைவர் என்னை நிறுத்தினார். கீபோர்ட் வாசிப்பவர், என்னைவிட வயதில் இளையவர்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. வீடியோவில உங்கட கிற்றார் பழைய சாமான் மாதிரித் தெரியுது. கலியாண வீட்டுக்காரர் கதைக்கினம். புதுசா பெயின்ற் அடிச்சுக்கொண்டு வாங்கோ. ஏலாதெண்டா வேற ஆளைப் பாக்க வேண்டி வரும்."

அவருடைய கீபோர்ட்டில் இரண்டு கட்டைகள் உடைந்து, ஒட்டுப் போட்டிருந்தது. அது எந்த வீடியோவிலும் தெரியவில்லையாம். வேண்டாத பொண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்த மேடை எனக்கு வேண்டும். கிழமை முழுவதும் கோப்புகளைப் பொறுத்துக்கொள்வது அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் கணவர் துறைமுகப் பக்கம் ஃபைபர் படகுகளுக்குப் பெயின்ற் அடிப்பவர். இலங்கைத்துறையிலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள்.

"படகுக்கே அடிக்கிற எனக்கு இது ஒரு வேலையே? நீர் என்னட்ட விடும்," என்றார்.

அவர் எதைச் செய்தாலும் கடலில் இறக்கப்போகிற நினைப்பில்தான் செய்வார். பழைய லக்கர் முழுவதையும் உரசித் தள்ளிவிட்டு, இறுக்கும் மருந்து கலந்து அடித்தால் கல்லாய் இறுகும் படகுப் பெயின்றை மூன்று தரம் அடித்தார். கழுத்தின் பின்புறத்தையும் விடவில்லை. சனிக்கிழமை காலை கிற்றார் கொட்டிலில் பளபளவென்று தொங்கியது. தாலிக்கொடித் தடம் இல்லை. காப்பு தின்ற இடம் இல்லை. பதினொரு வருடமாக நான் வாசித்ததற்கான அடையாளம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவர் ஆசையோடு பக்கத்தில் நின்றதால் அடக்கிக்கொண்டேன்.

"தண்ணியில போட்டாலும் ஒண்டும் ஆகாது," என்றார்.

"இதை ஆர் தண்ணியில போடப்போறது?" என்றேன்.

அன்று பின்னேரம் ஒரு கலியாண வரவேற்பு. மண்டபத்தில் காற்றே இல்லை. இரண்டாவது பாட்டிலேயே இடக்கை வியர்த்து, தடித்த பெயின்றில் பெருவிரல் ஒட்டிக்கொண்டது. மேலே ஓட வேண்டிய கை நடுவழியில் நின்றது. நான் தனியாக வாசிக்கும் பகுதி முழுவதையும் குளறித் தள்ளினேன். வெட்கத்தில் தலை நிமிரவில்லை. மேடையை விட்டு இறங்கியதும் தலைவர் சிரித்தபடி வந்தார்.

"அக்கா, இப்பதான் வடிவு."

வாசிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் கெடுத்தது அவர் காதில் விழவில்லையென்றால், இத்தனை வருடம் ஒழுங்காக வாசித்தது மட்டும் விழுந்திருக்குமா? அந்த நேரத்தில்தான் முடிவெடுத்தேன். மேடையில் நிற்பதென்றால் வாசிக்கிறவளாக நிற்பேன், இல்லாவிட்டால் வீட்டில் இருப்பேன்.

அடுத்த நாள் காலை குசினிக் கதிரையில் இருந்துகொண்டு, கிற்றாரை மடியில் கிடத்தி, கழுத்தின் பின்புறத்தைச் சான்ட் பேப்பரால் உரசத் தொடங்கினேன். கணவர் வந்து பார்த்தார். அவருடைய மூன்று நாள் வேலை மாவாக என் மடியில் கொட்டிக்கொண்டிருந்தது. சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். என் கையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய் வேறொன்றைக் கொண்டுவந்தார்.

"அது கரடு, மரத்தைக் கீறும். கடைசியா இதால உரசும்."

அன்று மத்தியானச் சோறு அவர்தான் காய்ச்சினார்.

அடுத்த நிகழ்ச்சி வெருகல் பக்கம் ஒரு கோயில் திருவிழா. கழுத்தின் பின்னால் வெறும் மரத்தைக் கண்டதும் தலைவரின் முகம் சுருங்கியது.

"என்னக்கா, திரும்பவும் பழையபடி ஆக்கிப்போட்டீங்கள்?"

"ஓம். கை ஓடுற இடத்தில பெயின்ற் இருந்தா வாசிக்க ஏலாது. வடிவா நிக்கிற ஆள் வேணுமெண்டா இப்பவே சொல்லுங்கோ, நான் பஸ்ஸில போறன். வாசிக்கிற ஆள் வேணுமெண்டா கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, வயர் கொழுவ வேணும்."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தள்ளி நின்றார். அன்று ஒரு சுரமும் பிசகவில்லை. இறங்கும்போது, "அந்த நடுப்பகுதி நல்லாயிருந்தது அக்கா," என்றார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கிற்றாரின் உடம்பில் இருக்கிற படகுப் பெயின்ற் மட்டும் லேசில் மசியவில்லை. பாறையில் மோதும் படகுக்கு அடிப்பது நாலு காப்புக்குப் பயப்படுமா? ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் வலக்கை படியும் விளிம்பைத் தடவிப் பார்ப்பேன். எட்டு மாதமாக ஒன்றுமில்லை. போன கிழமை விரலில் ஏதோ தட்டுப்பட்டது. ஜன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தேன். மெல்லிய கோடு ஒன்று, காப்பின் வளைவிலேயே. கணவரும் எட்டிப் பார்த்தார்.

"கீறிப்போச்சே. கொஞ்சப் பெயின்ற் மிச்சம் கிடக்கு. தொட்டு விடட்டே?"

"கை வைச்சுப் பாருங்கோ," என்று கிற்றாரை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.